மூன்று காலி ஓட்டைகள்

பெரியவள்: தோள்பட்டை கழண்டு கையோட வந்துடும் போலடி. காலையிலேருந்து நூத்தி நாப்பது போல்ட். ஒரு பஸ்ஸோட இடது பக்கம் முழுக்க நான் ஒருத்தியே முடுக்கியிருக்கேன். தள்ளு, கட்டில்ல சாயறேன்.

சின்னவள்: மெதுவாக்கா... டேபிள் பக்கத்துல...

பெரியவள்: அப்பாடா!

சின்னவள்: ஐயோ! போச்சு!

பெரியவள்: என்னடி ஆச்சு?

சின்னவள்: செத்துடுச்சு. மறுபடியும் செத்துடுச்சு!

பெரியவள்: யாரு?

சின்னவள்: கம்ப்யூட்டர்க்கா! இன்னிக்கு ரெண்டாவது தடவை. திரை அப்படியே கறுப்பாயிடுச்சு பாரு.

பெரியவள்: சாவு வீடு மாதிரி கத்தாதடி. எனக்கே நெஞ்சு அடைச்சிடுச்சு. திரும்பப் போடு, வரும்.

சின்னவள்: வரும். வந்து நல்லா ஓடும். அப்புறம் எப்பன்னு தெரியாம போகும். மணி என்ன தெரியுமா? ஒண்ணரை. நாலு மணிக்குள்ள அலமாரி கம்பெனிக்கு மூணு படமும் அனுப்பணும். ரெண்டு முடிச்சிட்டேன். மூணாவது பாதியில நிக்குது.

பெரியவள்: கொஞ்சம் லேட்டானா என்ன, தலையையா எடுத்துடுவான்?

சின்னவள்: போன வாரமே லேட். "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா"ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இன்னிக்கு நேரத்துக்குப் போச்சுன்னா வேலை நிரந்தரம். போகலைன்னா, உன் பட்டறையில துரு சுரண்ட நானும் வர வேண்டியதுதான்.

பெரியவள்: வாயைக் கழுவு. அந்தத் தூசியை முழுங்க நான் ஒருத்தி போதும். வேற எங்கயாவது உக்காந்து வரைய முடியாதா? கம்ப்யூட்டர் சென்டர் எதுலயாவது?

சின்னவள்: படம் வரையற சாஃப்ட்வேர் இந்த மெஷின்ல மட்டும்தான் திறக்கும். கம்பெனி அப்படித்தான் குடுத்திருக்கு.

பெரியவள்: எல்லாம் அந்த ரிப்பேர் கடை சோடாபுட்டியால வந்த வினை.

சின்னவள்: அவரை எதுக்கு இப்ப...

பெரியவள்: பின்ன? மூணு வாரம் முன்னாடி பழைய மதர்போர்டு போயிடுச்சுன்னு புதுசு மாட்டினான். அன்னிலேருந்துதானே இந்தக் கூத்து? எங்கயோ கிடந்த பழசைத் துடைச்சு நம்ம தலையில கட்டிட்டான். ரெண்டு தடவை வந்து பாத்தான். ரெண்டு தடவையும், "நல்லாத்தானேம்மா ஓடுது"ன்னு கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் போயிட்டான்.

சின்னவள்: அதுக்குத்தான் நீ தெருவுல நின்னு அந்தக் கத்து கத்தினியே.

பெரியவள்: கத்தினேன். நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்னுதான் கத்தினேன்.

சின்னவள்: ...கேட்டுச்சு.

பெரியவள்: என்னடி இழுக்கற?

சின்னவள்: ஒண்ணுமில்ல. காலையில அவரு போன் பண்ணாரு. அஞ்சு மணிக்கு வர்றாராம். அவர் வீட்டு மெஷின்ல இருக்கற போர்டையே கழட்டி எடுத்துட்டு வந்து மாட்டித் தர்றாராம்.

பெரியவள்: பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு! சும்மா ஒருத்தன் சொந்த வீட்டு சாமானைக் கழட்டுவானா?

சின்னவள்: அஞ்சு மணிக்கு வந்து என்னக்கா பிரயோஜனம்? நாலு மணியோட என் கதை முடிஞ்சுது.

பெரியவள்: மூக்கைச் சிந்தாத. எந்திரி. நாமளே பாப்போம்.

சின்னவள்: நீயா?

பெரியவள்: ஏன்? நடு ரோட்டுல நின்ன பஸ்ஸை எத்தனை தடவை கிளப்பி விட்டிருக்கேன். எங்க மேஸ்திரி முதல்ல மூணு கேள்விதான் கேப்பாரு. எப்ப நின்னுச்சு, எதைப் பண்ணும்போது நின்னுச்சு, பக்கத்துல யாரு இருந்தா. அதுக்கப்புறம்தான் ஸ்பேனரையே தொட விடுவாரு.

சின்னவள்: சூடுன்னு நினைச்சேன். பக்கத்து மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சேன். அப்பவும் போச்சு.

பெரியவள்: உள்ள இருக்கற காத்தாடி சுத்துதா?

சின்னவள்: நல்லாவே சுத்துது. தூசியும் இல்ல. ரேம் ரெண்டையும் எடுத்து ரப்பரால துடைச்சு, ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தேன். எதை மாட்டினாலும் போகுது.

பெரியவள்: ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டிருக்காது. அதை விடு. கரண்ட்டு?

சின்னவள்: கூடத்துல இருக்கற பிளக்ல போட்டேன். அப்பவும் போச்சு. வயரை மாத்தினேன். விண்டோஸ்கூட மறுபடி ஏத்தினேன்க்கா. ரெண்டு நாள் வேலை அதுக்கே போச்சு.

பெரியவள்: எப்பெப்ப போச்சுன்னு ஞாபகம் இருக்கா?

சின்னவள்: எழுதி வெச்சிருக்கேன். இந்தா நோட்டு.

பெரியவள்: அட, படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான். படி.

சின்னவள்: திங்கள் காலை ஆறே முக்கால். சாயங்காலம் ஆறு பத்து. செவ்வாய்... ஒரு தடவைகூட இல்ல. ராத்திரி முழுக்க ரேம் சோதனை ஓட விட்டேன், விடிய விடிய ஓடுச்சு. புதன் காலையிலயும் இல்ல. புதன் சாயங்காலம் ஆறேகால். வியாழன் ஆறே முக்கால், ஆறு இருபது...

பெரியவள்: செவ்வாய்க்கிழமை எனக்கு டபுள் ஷிப்ட். விடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன், ராத்திரி வீட்டுக்கே வரல.

சின்னவள்: அக்கா.

பெரியவள்: என்ன?

சின்னவள்: ஆறே முக்காலுக்கு நீ எழுந்திருப்ப. ஆறேகாலுக்கு நீ வீட்டுக்கு வருவ.

பெரியவள்: அதனால?

சின்னவள்: இன்னிக்கு உனக்கு அரை நாள் வேலை, ஒண்ணரைக்கே வந்துட்ட. காலையில ஆறே முக்காலுக்கு ஒரு தடவை, இப்ப ஒண்ணரைக்கு ஒரு தடவை போயிருக்கு.

பெரியவள்: ஏய்! நான் ராசி கெட்டவன்னு சொல்ல வர்றியா?

சின்னவள்: ராசி இல்லக்கா. எடை.

பெரியவள்: வாங்கப் போற நீ.

சின்னவள்: சிரிக்காம கேளு. இப்ப வந்து தொப்புன்னு கட்டில்ல விழுந்தியே, அப்ப கட்டில் டேபிளை இடிச்சுது. இடிச்ச அந்த நொடியே செத்துடுச்சு!

பெரியவள்: ஆனா போன ஞாயிறு நான் விழுந்தப்ப ஒண்ணும் ஆகலையே. காபி எல்லாம் சிந்துச்சு, ஞாபகமில்ல?

சின்னவள்: அப்பத்தான் ஆன் பண்ணியிருந்தேன். மெஷின் ஜில்லுன்னு இருந்துச்சு. சூடும் ஏறணும், ஆட்டமும் வரணும். ரெண்டும் சேந்தாத்தான் போகுது. அவர் வந்து பாத்தப்பவும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு, கட்டில்லயும் யாரும் இல்ல!

பெரியவள்: சரி, சோதிச்சுப் பாத்துடுவோம். இப்ப ஆன் பண்ணு. இருபது நிமிஷம் சூடாகட்டும். அதுக்குள்ள நீ படத்தை வரை, நான் மூச்சுகூட விடாம நிக்கிறேன்.

சின்னவள்: நிஜமாவே நின்னுக்கிட்டுதான் இருக்கணும். உக்காந்தே, கொன்னுடுவேன்.

பெரியவள்: நூத்தி நாப்பது போல்ட் முடுக்கிட்டு வந்தவளை நிக்க வெக்கிறா பாரு, மகராசி.

சின்னவள்: பேசாத... கோடு கோணலாப் போகுது...

பெரியவள்: வாயை மூடிட்டேன், வரை.

சின்னவள்: ...சரி, சேமிச்சிட்டேன். இருபத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு. இப்ப தட்டு. முதல்ல மேல.

பெரியவள்: தட்டிட்டேன். ஓடுது.

சின்னவள்: முன்பக்கம்?

பெரியவள்: ஓடுது.

சின்னவள்: வலது பக்கம், கீழ... லேசா...

பெரியவள்: அடப்பாவி!

சின்னவள்: செத்துடுச்சு! அக்கா, செத்துடுச்சு! மாட்டிக்கிச்சு!

பெரியவள்: செத்ததுக்கு இப்படிக் குதிக்கறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

சின்னவள்: உள்ள எங்கயோ லூஸா இருக்கு. போர்டு ஸ்க்ரூதான். மணி ரெண்டே கால், இப்பவே கழட்டிடலாம்.

பெரியவள்: லூஸா இருக்க வாய்ப்பே இல்ல.

சின்னவள்: உனக்கு எப்படித் தெரியும்?

பெரியவள்: ...இருக்காதுன்னு தோணுது.

சின்னவள்: அக்கா. என் முகத்தைப் பாரு.

பெரியவள்: ஸ்க்ரூடிரைவர் எங்க வெச்ச?

சின்னவள்: அக்கா!

பெரியவள்: சரிடி, கத்தாத. அவன் போர்டு மாட்ட வந்தான்ல? பழைய போர்டைக் கழட்டி வெச்சிட்டு, போன் வந்துச்சுன்னு வெளிய போனான். நீ குளிச்சிட்டு இருந்த. நான் சும்மா எட்டிப் பாத்தேன். அந்தத் தகட்டுல குட்டிக் குட்டியா பித்தளைக் கால் நிக்குது. போர்டு அதுங்க மேலதான் உக்காரும்னு பாத்தாலே தெரியுது. ஆனா மூணு ஓட்டையில கால் இல்ல. காலியாக் கிடக்கு.

சின்னவள்: ஐயையோ.

பெரியவள்: பக்கத்துலயே ஒரு கவர்ல அதே கால் மிச்சம் கிடக்கு! எங்க பட்டறையில ஒரு ஓட்டையைக் காலியா விட்டா மொத்த பஸ்ஸையும் திருப்பி அனுப்புவாங்க. நான் என்ன நினைப்பேன், சொல்லு? அசால்ட்டா விட்டுட்டான்னு நினைச்சேன். மூணையும் போட்டு கட்டிங் பிளேயரால நல்லா முடுக்கிட்டேன்.

சின்னவள்: அக்கா... அந்தப் பெட்டியில பெரிய போர்டும் மாட்டலாம், சின்னதும் மாட்டலாம். அதுக்குத்தான் கூடுதல் ஓட்டை. நம்மளுது சின்ன போர்டு. அந்த மூணு எடத்துல போர்டுல ஸ்க்ரூ ஓட்டையே இருக்காது. போர்டோட முதுகுல பூரா கரண்ட்டு ஓடுற ஈயப் புள்ளிங்க...

பெரியவள்: என் பித்தளை அதுல குத்திக்கிட்டு நிக்குதா?

சின்னவள்: சூட்டுல போர்டு லேசா வளையும். நீ கட்டில்ல விழுந்தா தொடும். தொட்டா ஷார்ட்டு!

பெரியவள்: அந்தக் கண்ணாடிக்காரனுக்காவது தெரிய வேணாமா, மூணு கால் குட்டி போட்டிருக்குன்னு?

சின்னவள்: தான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும்னுதானே அவர் நினைப்பாரு. நம்பி மேல போர்டை வெச்சிட்டாரு. சரி, வயரைப் பிடுங்கு முதல்ல. இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டு. நான் கழட்டறேன்.

பெரியவள்: ஆறு ஸ்க்ரூ. கீழ போடாத, என் கையில குடு. எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்தியா?

சின்னவள்: எடுத்துட்டேன். பிடி... மெதுவாத் தூக்கு... திருப்பு.

பெரியவள்: இந்தா! கறுப்பா ஒரு பொட்டு!

சின்னவள்: கரிஞ்சிருக்கு. அதுக்கு நேர் கீழதான் உன் கால் நிக்குது பாரு. மத்த ரெண்டும் சும்மா நிக்குது, எதையும் தொடல. இந்த ஒண்ணுதான்.

பெரியவள்: மூணு வாரமா உன் உயிரை எடுத்தது இந்த அரை இஞ்சு பித்தளையா! விலகு, நானே புடுங்கறேன். நான் வெச்சதை நான்தான் எடுக்கணும்... ம்ம்... வர மாட்டேங்குது.

சின்னவள்: வராது. யாரு முடுக்கினது?

பெரியவள்: ம்ம்மா... வந்துட்டான் திருடன்! இன்னும் ரெண்டு... இந்தா... இந்தா.

சின்னவள்: ஈயம் எதுவும் அறுந்து போகலை. மேலாகத்தான் கரிஞ்சிருக்கு. மாட்டு, மாட்டு. ஸ்க்ரூவை ரெண்டு விரலால திருகு போதும், உன் பலத்தைக் காட்டாத!

பெரியவள்: குழந்தைக்குக் காது குத்தற மாதிரி திருகறேன், போதுமா?

சின்னவள்: ரேம்... ஃபேன் வயர்... பவர்... போடு ஸ்விட்சை.

பெரியவள்: வந்துச்சு!

சின்னவள்: வரும், அது எப்பவும் வரும். சூடாகட்டும். நான் மூணாவது படத்தை முடிக்கிறேன். மணி?

பெரியவள்: மூணாக அஞ்சு நிமிஷம்.

சின்னவள்: அளவைப் படிச்சுச் சொல்லு. மேல் தட்டு?

பெரியவள்: அறுநூறு. அடுத்தது முன்னூத்தி இருபது. அப்புறம் கதவு நானூத்தி... ஐம்பதா, அறுபதா? உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

சின்னவள்: ஐம்பது. மேல சொல்லு...

பெரியவள்: கைப்பிடி தொண்ணூத்தாறு. அவ்வளவுதான். மணி மூணு முப்பத்தெட்டு.

சின்னவள்: முடிஞ்சுது! மெஷின் நல்ல சூட்டுல இருக்கு. அக்கா... விழு.

பெரியவள்: என்னது?

சின்னவள்: கட்டில்ல விழு. சேமிச்சிட்டேன். எப்பவும் விழுற மாதிரி தொப்புன்னு.

பெரியவள்: வேணாம்டி, முதல்ல அனுப்பிடு.

சின்னவள்: அதுவும் சரிதான்... அனுப்பிட்டேன். மூணு நாப்பத்தொண்ணு. இப்ப விழு!

பெரியவள்: இந்தா!

சின்னவள்: ஓடுது!

பெரியவள்: இன்னொண்ணு!

சின்னவள்: ஓடுது!

பெரியவள்: டேபிளை உதைக்கிறேன் பாரு! ஓடுதா?

சின்னவள்: ஓடுதுக்கா! ராஜா மாதிரி ஓடுது! போதும், கட்டில் உடைஞ்சிடப் போகுது!

பெரியவள்: உடையட்டும்! போல்ட் போட்டு நிமித்திடறேன்! அய்யோ, என் தோள்பட்டை... வலியே தெரியலடி!

சின்னவள்: இரு இரு, பதில் வந்துடுச்சு. "படங்கள் கிடைத்தன. அளவுகள் சரி. முதல் தேதி வந்து பணி ஆணையைப் பெற்றுக்கொள்ளவும்."

பெரியவள்: இன்னொரு தடவை படி.

சின்னவள்: "முதல் தேதி வந்து..."

பெரியவள்: ஆணை! என் தங்கச்சிக்கு ஆணை! எங்க வம்சத்துல யாருக்குடி காகிதத்துல வேலை வந்திருக்கு? எல்லாரையும், "ஏய், நாளைக்கு வா"ன்னுதான் கூப்பிட்டாங்க. ஜன்னலைத் திற, தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தப் போறேன்.

சின்னவள்: கத்து. ஆனா அவர் அஞ்சு மணிக்கு வருவாரே.

பெரியவள்: ...ஆமால்ல. பாவம்டி அந்த மனுஷன். முதல்ல போன் போட்டு அவர் வீட்டு போர்டைக் கழட்ட வேணாம்னு சொல்லு.

சின்னவள்: "அவர்" ஆயிட்டாரா? இவ்வளவு நேரம் சோடாபுட்டி.

பெரியவள்: குத்திக் காட்டாத. வரட்டும். வாசல்லயே நிக்க வெச்சு, அன்னிக்கு எவ்வளவு சத்தமாத் திட்டினேனோ அதே சத்தத்துல, "தப்பு என்மேல, நீங்க உத்தமர்"னு சொல்றேன். எனக்கு வெக்கமில்ல. நாலு வீடுதானே, கேக்கட்டும். அதோட கணக்குத் தீந்துச்சு.

சின்னவள்: தீராதுக்கா.

பெரியவள்: ஏன்? கால்ல விழணுமா?

சின்னவள்: நீ கத்தினது நாலு வீட்டுக்கு. அன்னிக்கு சாயங்காலமே நான் நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்ல அவர் கடைப் பேரைப் போட்டு, "பழைய சாமானைப் புதுசுன்னு மாட்டுறாரு, யாரும் போகாதீங்க"ன்னு எழுதிட்டேன். உன்னோடது பட்டன் போன், உனக்குத் தெரியல. அவர் அடுத்த தெரு, அவருக்கும் யாரு எழுதினதுன்னு தெரியல. "என்னமோ தெரியலம்மா, ரெண்டு வாரமா கடைக்கு ஆளே வர்றதில்ல"ன்னு காலையில என்கிட்டயே சொல்றாருக்கா, நான் "அப்படியா"ன்னு கேட்டுக்கறேன்... உன் மன்னிப்பை வாசல்ல சொல்லி முடிச்சிடலாம். நான் அவருக்கு இருநூத்திப் பத்து பேர் முன்னாடி ஒரு மன்னிப்பு பாக்கி.