புள்ளி வைத்த வெள்ளைப் பந்து

மேடையில் வீற்றிருக்கும் நம் பில்லியர்ட்ஸ் மன்றத் தலைவர் அவர்களே, கணவரை இன்று காலை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து நமக்கே காபி ஊற்றிக்கொண்டிருக்கும் குத்ரூன் அம்மையார் அவர்களே, நூபோர்க் மன்றத்திலிருந்து வந்திருக்கும் எங்கள் அருமை எதிரிகளே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும், மறைந்தவரின் தம்பி வெர்னர் அவர்களே, ஸ்வெண்ட்போர்க் நண்பர்களே!

நம் நடுவர் ஐகில் ராவன்கில் மறைந்துவிட்டார். இனி பந்தால் சாய்க்கவேண்டிய ஐந்து குட்டிக் கட்டைகளையும் இம்மி பிசகாமல் மேசை நடுவில் நிறுத்துவது யார்? தன் பந்து வேறு பந்தைத் தொடாமல் நேரே கட்டையைச் சாய்த்தால் அந்த மதிப்பெண்கள் எதிராளிக்கே என்று, மாமனாரிடம்கூடத் தயங்காமல் சொல்வது யார்? அவர் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் நாமெல்லாம் கோலை இருமுறை துடைத்துவிட்டுத்தான் அடிப்போம். துடைத்தோமா இல்லையா?

அந்தக் கோப்பை ஆட்டம் உங்களுக்குத் தெரியும். இரண்டு வெள்ளைப் பந்துகள், தரப்புக்கு ஒன்று. கறுப்புப் புள்ளி வைத்தது நூபோர்க்கினுடையது. வெர்னர் அடித்தார், ஐந்து கட்டைகளும் விழுந்தன. கூரை பறக்கக் கைதட்டினோம். நூபோர்க்காரர்களே கவனிக்கவில்லை. ஒருவர் முறையில் மற்றவர் பேசக்கூடாது என்பதால் பந்துகள் உருண்டு நிற்கும்வரை காத்திருந்த ஐகில், பெஞ்சிலிருந்து எழுந்து, "தம்பி அடிச்சது அவங்க பந்து" என்றார். கோப்பை போனது. தெரியாமல் நடந்ததை அண்ணன் ஊரறிய உடைத்துவிட்டார் என்று வெர்னர் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார். பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட எதிரெதிர் மூலையில்தான் இருந்தார்கள்.

ஐகில் படுக்கையில் விழுந்தபோது எனக்கு ஒரே பயம்தான்: இந்த மனிதர் இப்படியே போய்விடுவாரோ! வெர்னரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அங்கே நடந்ததை இன்று உங்களிடம் சொல்லச் சொன்னவரும் வெர்னரே.

கட்டில் ஓரத்தில் தொப்பியைத் திருகியபடி வெர்னர் சொன்னார்: "அண்ணே, புள்ளிய நான் பாத்தேன். பாத்துட்டுதான் அடிச்சேன்."

"தெரியும்டா. நீ குனிஞ்சு பாத்தத நான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் இத்தன வருஷம் ஒரு வார்த்த கேக்கல? ஊர்ல யார்கிட்டயும் சொல்லல?"

"அத ஒத்துக்கறது உன் முறை. ஒருத்தன் முறையில இன்னொருத்தன் வாயத் தொறக்கலாமா?"

வெர்னர் அழுதார். ஐகில் சிரித்தார், இருமினார், காபி கேட்டார். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிப்போனது. அதனால்தான் நண்பர்களே, இன்று துக்கத்தைவிட நிம்மதியே எனக்கு அதிகம். அவர் மனத்தாங்கல் இல்லாமல் போனார்!

அவர் விட்ட இடத்திலிருந்து இந்த மன்றத்தை நடத்துவோம். கோலைத் தொடுமுன் புள்ளியைப் பார்ப்போம். அடுத்தவர் ஆடும்போது வாய் மூடியிருப்போம். ஆனால் மேசையை விட்டு விலகியபின் மனம்விட்டுப் பேச இவ்வளவு காலம் காத்திருக்கமாட்டோம். இது உறுதி!

ஐந்து கட்டைகளும் நிறுத்தியாயிற்று. எழுந்து வாருங்கள் வெர்னர். உங்கள் முறை. நாங்கள் பேசமாட்டோம்.