அன்னப்பூரணி கேட்ட கேள்வி

தலைமை தாங்கும் குருவானவர் அவர்களே, தள்ளாத வயதிலும் இந்தக் கல்குடா மணலில் வந்தமர்ந்திருக்கும் பெரியோரே, கடலுக்கும் போருக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னும் பிறர் பிள்ளைகளுக்காக முழந்தாளிடும் தாய்மாரே, சிலுவையடியில் நின்று உங்களை வணங்குகிறேன்.

இன்று பெரிய வெள்ளி. உருக்கமாகப் பேசும்படி அழைத்தார்கள். மன்னியுங்கள், நான் கோபத்தோடு வந்திருக்கிறேன்.

நம் சபை அன்னப்பூரணியை அறியாதவர் யார்? ஆழிப்பேரலை அவர் கையிலிருந்தே மகள் ஆர்த்திகாவைப் பறித்தது. புதைகுழியின் ஈரம் காயுமுன் ஒரு பிரசங்கியார் வந்தார். ஆறுதல் சொன்னாரா? அருகில் அமர்ந்து அழுதாரா? "உன் பாவத்துக்காகத்தான் கர்த்தர் பிள்ளையை எடுத்தார்" என்றார்.

அந்தத் தாய் அதை நம்பினார். வெறுந்தரையில் படுத்தார், வயிற்றைக் காயப்போட்டார், செய்யாத பாவத்தைத் தேடித் தேடி மன்னிப்புக் கேட்டார். போர் முடிந்த ஆண்டில், வன்னியிலிருந்த மகன் யதுர்ஷனும் இல்லை என்று செய்தி வந்தது.

போன பெரிய வெள்ளிக்கு அதே பிரசங்கியார் நம் ஆலயத்துக்கு வந்தார். அன்னப்பூரணியை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்த மகள் இன்னும் ஒரு பாவத்தை மறைக்கிறாள்" என்றார்.

ஓம் அம்மா, தலையசைக்கிறீர்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

அன்னப்பூரணி பீடத்துச் சிலுவையைக் காட்டினார். "ஐயா, என்ட ரெண்டு புள்ளையும் செத்தது என்ட பாவத்துக்கெண்டா, அவர் ஆருக்காகச் செத்தவர்?"

"ஆண்டவரைக் கேள்வி கேட்கக் கூடாது மகள்."

"ஆண்டவரிட்ட நான் கேக்கல்ல. உங்களிட்டத்தான் கேக்கன். சொல்லுங்க."

பிள்ளையை இழந்த தாய்மார் ஒவ்வொருவராக எழுந்து அன்னப்பூரணியின் அருகே போய் நின்றார்கள். பிரசங்கியார் வேதத்தை மூடிக்கொண்டு பக்கக் கதவால் வெளியேறினார். அன்னப்பூரணி பீடத்தடியில் அமர்ந்து வாய்விட்டு அழுதார். அதுவரை அவர் குற்றவாளியாகவே அழுதிருந்தார். அன்றுதான் தாயாக அழுதார்.

பின்னால் இருக்கிற தம்பிமாரே, கைதட்டாதீர்கள். இது கைதட்டும் நாளல்ல.

நம் பாவத்துக்கு ஒரே பலி. அதைத் தந்தவர் தேவன், தந்தது தம் மகனை. அந்தப் பலி போதாதென்று ஆர்த்திகாவையும் கேட்பாரா? யதுர்ஷனையும் கேட்பாரா? கேட்பார் என்று சொல்பவன் எந்தச் சிலுவையைப் பிரசங்கிக்கிறான்? இரட்சிப்பு இலவசமாய் வந்தது பிரசங்கியாரே. அதன் வாசலில் நின்று தாய்மாரிடம் பிள்ளைப் பிணம் கேட்க உமக்கு யார் அதிகாரம் தந்தது?

தாய்மாரே, உங்கள் பிள்ளைகளைக் கொன்றது உங்கள் பாவமல்ல. எவன் மேடையேறி மறுத்துச் சொன்னாலும், எழுந்து நின்று அன்னப்பூரணியின் கேள்வியைக் கேளுங்கள்.

என் கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. சிலுவையில் மரித்தவரின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கட்டும். வணக்கம்.