தொண்ணூறு தாண்டியவர்களுக்கு வாழ்த்து

என் வெள்ளிக்கிழமைக் கடிதத்தை மக்கள் அடியிலிருந்துதான் படிப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மேலே நான்கு பத்தி, சட்டமன்றத்தில் அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்று. அடியில், தொகுதியில் தொண்ணூறு வயதைத் தாண்டிப் பிறந்தநாள் காண்கிறவர்களின் பெயர்கள். பதினான்கு வருடமாக மின்னஞ்சலில் போகிற கடிதம். கணினி இல்லாதவர்களுக்காகத் தபால் நிலையத்திலும், தேவாலயத்தின் அடித்தளக் கூடத்திலும் அச்சடித்து ஒட்டுவார்கள். மேலே இருக்கும் நான்கு பத்தியில் நான் ஏரியைக் குடித்துவிட்டேன் என்று எழுதினாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடியில் ஒரு கிழவியின் வயதில் ஒன்று கூடிவிட்டால் திங்கட்கிழமை முழுக்கத் தொலைபேசி ஓயாது.

மேடம், நீங்கள் சட்டமன்ற ஒழுங்குக் குழுவின் வக்கீல். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். அந்தக் கருவி பதிவு செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தால் நான் நன்றாகச் சொல்லிவிடுவேன். அது எங்கள் தொழில் வியாதி.

கொரோனா வந்த அந்த மே மாதம் என் கடிதத்தின் தலைப்பு ‘மீண்டும் திறக்கிறோம்’. மூடிக்கிடந்த கடைகளை ஆளுநர் நான்கு கட்டமாகத் திறக்கலாம் என்றார். எங்கள் பக்கத்தில் மனிதரைவிட வான்கோழிகள் அதிகம், வான்கோழிக்கு எதற்குக் கட்டம் என்று நான் எழுதினேன். பலரும் ரசித்தார்கள். என் அலுவலகத்தை நடத்துகிற கோனி மட்டும் பிழை திருத்திக்கொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வாரம் ‘மருத்துவர்கள் சொல்வதே வேதம்’னு எழுதியிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?”

“அது நாலாவது பத்தியில.”

“சரி, அப்ப யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.”

மே பதினாறு, சனிக்கிழமை, ஆல்வினா டோலெஃப்ஸ்ரூடுக்கு நூறு வயது. எங்கள் மாநிலத்தில் நூறு வயதானவர்களுக்கு அவையின் சார்பில் பாராட்டு மடல் உண்டு. தங்க நிற முத்திரை, மரச் சட்டம், பெயரும் தேதியும் பொறித்திருக்கும். தபாலில் அனுப்பலாம், பலர் அனுப்புகிறார்கள். நான் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. கையில் கொடுத்து, அருகில் குனிந்து, படம் எடுத்துக்கொள்வேன். என் தொகுதியில் நூறு வயதுக்காரர்கள் அதிகம். குளிர்தான் காரணம் என்பேன். என்னைத்தான் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வேன்.

ஆல்வினா இருந்தது ஏரிக்கரை முதியோர் இல்லத்தில். மார்ச் மாதத்திலிருந்து அங்கே வெளியார் யாருக்கும் அனுமதி இல்லை. இல்லத்தின் தலைவி மார்லிஸ் என்னோடு பள்ளியில் படித்தவள். அந்த வாரம் திங்கட்கிழமை அவளை அழைத்தேன்.

“லைல், பெத்த பிள்ளைங்களே சன்னலுக்கு வெளியில நின்னு கையாட்டிட்டுப் போறாங்க. உன்னை மட்டும் எப்படி உள்ள விடுவேன்?”

“நான் விருந்தாளியா வரல, மார்லிஸ். அரசு வேலையா வரேன்.”

“ஃபிரேம் போட்ட காகிதத்தைக் குடுக்கிறது அரசு வேலையா? அப்ப கேக் வெட்டுறது என்ன, ராணுவ சேவையா?”

“பத்து நிமிஷம்தான்.”

முதியோர் இல்லங்களுக்கு உரிமம் கொடுக்கிற துறையை மேற்பார்வை செய்யும் குழுவில் நான் இருக்கிறேன். அதை நான் குறிப்பிடவில்லை. எங்கள் ஊரில் குறிப்பிட வேண்டியதில்லை.

“பத்து நிமிஷம்,” என்றாள். “மாஸ்க்கைக் கழட்டக் கூடாது.”

அதே வாரம் புதன்கிழமை தலைநகரில், அவையில் என் பக்கத்து இருக்கைக்காரரை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். எங்கள் எல்லோருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். தொற்று பற்றி அவையில் நான் பேசிய பேச்சைவிட அது சீக்கிரம் முடிந்தது.

சனிக்கிழமை காலை என் மனைவி போட்ட காபியில் வாசனை இல்லை. அவளிடம் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் காபியைப் பற்றி நான் குறை சொன்னது கிடையாது.

இல்லத்தின் வாசலில் ரோசல்பா நின்றிருந்தாள். ஆல்வினாவைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் அவள்தான். நெற்றியில் கருவியைக் காட்டிச் சூடு பார்த்தாள். பிறகு ஒரு தாளைக் கொடுத்தாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா, இரண்டு வாரத்துக்குள் பரிசோதனை செய்துகொண்டீர்களா.

“ஒண்ணொண்ணா படிச்சுட்டு எழுதுங்க சார்,” என்றாள். “மளமளன்னு கோடு இழுத்துட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.”

நான் ஒன்றொன்றாகப் படித்தேன். நான்கு இடத்திலும் நல்ல பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்தான் இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறது. என் கையெழுத்து தெளிவாக இருக்கும். மடல்களில் போட்டுப் பழகியது.

சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பேரை உட்கார வைத்திருந்தார்கள். பல வாரம் கழித்து அன்றுதான் அறையை விட்டு வெளியே வந்திருந்தார்கள். அதற்கும் நான்தான் சொல்லியிருந்தேன். கைதட்ட ஆள் இல்லாமல் மடல் வழங்கினால் படம் எடுபடாது. ஆல்வினா சக்கர நாற்காலியில் நீலச் சட்டையோடு இருந்தார். நான் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. காது போய் வெகுநாளாகிவிட்டது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்.

“மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு முணுமுணுங்கிறியே, யாரு நீ?” என்றார். “பாங்கைக் கொள்ளையடிக்க வந்தவனா?”

கூடம் சிரித்தது. நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

“சார், மாஸ்க்,” என்றாள் ரோசல்பா.

“ஒரு நிமிஷம்மா.”

அவள் நாற்காலியை அரை அடி பின்னால் இழுத்தாள். நான் அரை அடி முன்னால் போனேன். குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, மடலை முழுக்கப் படித்தேன். ‘எனவே, ஆகையால்’ என்றெல்லாம் நீளமாகப் போகும். முடிவில் ஆல்வினா என் கன்னத்தைத் தட்டினார்.

“அட, லைல், நீயா. நான் உனக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல, தெரியுமா? நூறு வயசாச்சு, இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது.”

கேக்கில் எண் வடிவத்தில் மூன்று மெழுகுவத்திகள். அவர் ஊதிப் பார்த்தார். மூச்சு போதவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், மார்லிஸ் கேமராவைப் பிடித்திருந்தாள். நான் ஊதி அணைத்தேன். மூன்றும் ஒரே மூச்சில். கேக்கை இருபத்திரண்டு துண்டாக வெட்டினார்கள். எனக்கும் தர வந்தார்கள். வேண்டாம் என்றேன்.

இல்லத்திலிருந்து நேராக வடக்கே ஏரியோரத்தில் எனக்கிருக்கும் மரக் குடிலுக்குப் போனேன். மீன்பிடி பருவம் தொடங்கிய முதல் வாரம். அந்த வாரத்தில் ஒருவன் குடிலுக்குப் போனால் எங்கள் மாநிலத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. பதினைந்து நாள் இருந்தேன். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அழைத்து, சமீபத்தில் யாரையெல்லாம் சந்தித்தீர்கள் என்று கேட்டாள். மீன்களை என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஆல்வினா பன்னிரண்டாம் நாள் இறந்தார். ஜூன் முடிவதற்குள் கூடத்தில் இருந்தவர்களில் பதினேழு பேர்.

ரோசல்பாவுக்கும் தொற்று வந்தது, பிழைத்துக்கொண்டாள். அவள் வாரத்தில் மூன்று நாள் வான்கோழி ஆலையிலும் வேலை செய்கிறவள். ஆலையில் ஏற்கெனவே பலருக்கு நோய். அவள்மேல் பழி போட ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நான் எதையும் தொடங்கி வைக்கவில்லை. கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். ‘இரண்டு இடங்களில் பணிபுரிந்த ஊழியர் ஒருவர் மூலம் தொற்று நுழைந்திருக்கலாம் என்று அறிகிறேன்.’

“யார்கிட்டருந்து அறியறீங்க?” என்று கேட்டாள் கோனி.

“எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் உங்க லெட்டரைப் பாத்துட்டு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி யாரு சொன்னா?”

கோனி நல்ல பிழைதிருத்துநர். அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

இல்லத்தில் ரோசல்பாவை நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், நான் மாஸ்க் போட்டிருந்ததை நீங்க கண்ணால பாத்தீங்க. அதை மட்டும் உங்க லெட்டர்ல ஒரு வரி போடுங்க. வேற எதுவும் வேணாம்.”

“பாக்கிறேம்மா.”

“கடையில என்னைப் பாத்தா சாமானை அப்படியே வெச்சுட்டு வெளிய போறாங்க சார். ஆல்வினாம்மாவோட பேத்தியும்தான். ஆல்வினாம்மாவோட கடைசி நாள்ல அவங்க கையப் புடிச்சிட்டிருந்தது நான்தான்.”

“கட்டாயம் பாக்கிறேன்.”

நான் பார்த்தேன். அந்த வாரம் படகுத்துறை திறப்பு விழா இருந்ததால் இடம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரோசல்பா மார்லிஸிடம் போய், வாசலில் பூர்த்தி செய்த தாள்களை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். மார்லிஸ் கோனியை அழைத்திருக்கிறாள். கோனி எனக்கு வந்த மின்னஞ்சல்களின் பிரதியோடு உங்களிடம் வந்தாள். இப்போது அவள் என்னிடம் வேலை செய்யவில்லை. பிரிவுபசாரக் கேக்குக்கும் வரவில்லை.

அந்த மின்னஞ்சலைப் பற்றித்தான் நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அது மே பதினைந்து, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து. கோனி அறைக் கதவில் நின்று, “லேப்லருந்து ஏதோ வந்திருக்கு, நான் திறக்கல, பாத்தீங்களா?” என்றாள். பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்திருந்தேன். தொற்று உறுதி என்று இருந்தது. கேக்குக்கு முந்தைய நாள். தாளில் கையெழுத்துப் போட்டபோது தெரியும், மாஸ்க்கைக் கழற்றியபோது தெரியும், ஊதியபோதும் தெரியும். குடிலுக்குப் போனது என் மனைவிக்கு ஆஸ்துமா என்பதால். அவளிடம் வாசலில் நின்றே விடைபெற்றேன். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்டால், வெள்ளிக்கிழமைக் கடிதம் மூன்று மணிக்கே போய்விட்டது. ‘நாளை ஆல்வினாவை நேரில் வாழ்த்துகிறேன், நமது இல்லங்கள் பாதுகாப்பானவை’ என்று அதில் இருந்தது. மடலின் மரச் சட்டத்தில் தேதியும் பொறித்தாகிவிட்டது. பதினான்கு வருடத்தில் ஒரு வயதைத் தவிர வேறு எதற்கும் நான் திருத்தம் வெளியிட்டதில்லை.

கடிதம் இன்னமும் போகிறது. தொண்ணூறு தாண்டியவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு கூரையின் கீழ்தான் இருந்தார்கள். இந்த வாரம் போட ஒரு பெயரும் இல்லாததால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஒருவரும் தொலைபேசியில் குறை சொல்லவில்லை. இப்போதுதான் மக்கள் என் கடிதத்தை மேலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.