மிட்சுஹாரு வாயைத் திறந்த திருவிழா

…மலையேற்ற நடுவழிலம்மா! அத்தன ஜனத்துக்கு முன்னால! கட்டுன பொண்டாட்டியப் பாத்து, "ஏய், மூடி இல்லாத கெட்டிலே!"ன்னு கத்துறாரு. கெட்டிலாம்! நீ கோயில் மலைக்கு வரலயா? அதான் பாத்தேன். வந்திருந்தா இந்நேரம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருப்ப. இந்த விடுதில செருப்பு எடுத்து அடுக்குற பெரியவர் கூட சிரிக்கிறாரு. வா, இப்பிடித் தள்ளி உக்காரு. அங்க வெந்நீர் ஊத்து நேரா குளத்துல வந்து விழுது, முட்டைய வெச்சா வெந்துரும். ஐய, துண்டத் தண்ணில போடாத! தலைல வெச்சுக்கோ. ஆங்.

நான் ஃபுசாயே. ஒசாகா. அது பேச்சுலயே தெரிஞ்சிருக்கும். நீ எந்த ஊரு?… டோக்கியோவா? பாவம்.

எங்க வீட்டுக்காரர் பேரு மிட்சுஹாரு. இந்த வசந்த காலத்துலதான் வேலைல இருந்து ஓய்வு குடுத்து அனுப்புனாங்க. தண்ணி வாரியத்துல வேல. ஊருக்கெல்லாம் கொழாயத் தொறந்து விட்ட மனுஷன், வீட்டுல வாயத் தொறக்க மாட்டாரு. முப்பது வருஷத்துக்கு மேல இதான். காலைல "ம்." ராத்திரி "ம்ம்." ஊறுகாய் அமுங்க ஜாடி மேல வெப்போமே கல்லு, அது கூட அப்பப்ப நகரும். இவரு நகர மாட்டாரு.

சரி, வெந்நீர் ஊத்துல ஊறப் போட்டாலாவது எளகுவாருன்னு நாந்தான் இந்தப் பயணத்துக்கே ஏற்பாடு பண்ணேன். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு குளியல், ஒரு திருவிழா. மொதல்ல போன ஊர்ல தண்ணி அழுகின முட்ட நாத்தம். "எப்பிடிங்க இருக்கு?"ன்னு கேட்டேன். யோசிக்கிறாரு, யோசிக்கிறாரு… "சூடா இருக்கு"ங்கறாரு! வெந்நீர் ஊத்தும்மா! சூடா இல்லாம?

அடுத்த ஊர்ல தேரு இழுத்தாங்க. கொட்டு, கொழலு, கெழடு கட்டையெல்லாம் ஆடுது. என் காலு ரெண்டும் நிக்கல, நானும் போய் ஆடிட்டேன். இவரு? என் கைப்பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறாரு. பஸ் ஸ்டாப் கம்பம்னு நெனச்சு ஒரு அம்மா அவரு பக்கத்துல வந்து வரிசைல நின்னுட்டா. சத்தியமா! "பஸ் எப்ப வரும்"னு வேற கேட்டாளாம். இவரு "ம்" னு சொல்லிருக்காரு.

சிரிக்காத. …சரி, சிரி.

இங்க பாரு, நீ யாரோ, நான் யாரோ. நாளைக்கு நீ ஒரு ரயிலு, நான் ஒரு ரயிலு. அதனால சொல்றேன். இந்தப் பயணம் முடிஞ்சதும் அவரு கிட்ட சொல்லிட்டு ஹிமேஜில எங்க அக்கா வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன். ஊர் சுத்திட்டு வரதுக்கில்லம்மா. ஒரேடியா. அக்கா மாடி ரூமையெல்லாம் பெருக்கி வெச்சுட்டா. கல்லோட குடித்தனம் பண்ண இனிமே ஒடம்புல தெம்பு இல்ல. அவரு ஆபீஸ் போயிட்டு இருந்தப்பவாவது பரவால்ல. இப்ப முழு நாளும் ரெண்டு பேரும் ஒரே கூடத்துல… நான் பேசிக்கிட்டே இருக்கேன், அது செவத்துல பட்டு எனக்கே திரும்பி வருது.

சரி, இந்த ஊருக்கு வருவோம். கமிநோசவால வசைத் திருவிழான்னு படிச்சதும் டிக்கெட் போட்டுட்டேன். நீளமூக்கு முகமூடி போட்ட பூதங்க முன்னால மலை ஏறும். ஜனம் பின்னாலயே ஏறிக்கிட்டு கண்டபடி திட்டணும். எவ்வளவு திட்டுறமோ அவ்வளவு பீடை கழியுமாம். யாரு நல்லா திட்டுனாங்கன்னு பாத்து பூசாரி பரிசு குடுப்பாரு. எனக்கு இத விட நல்ல சாமி எங்கம்மா கெடைக்கும்? தொண்டை கட்டுற அளவுக்குத் திட்டுனேன்! "மூக்கத் துணி காயப் போடக் குடுடா!"ன்னேன். பூதமே திரும்பிப் பாத்துச்சு.

இவரு கம்முனு ஏறுறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "உங்க வாய்ல என்ன ஒட்டிக்கிற மோச்சி அரிசி மாவா அடச்சிருக்கு? இன்னிக்காவது ஒரு வார்த்த திட்டுங்களேன்! யாரையாவது திட்டுங்க!"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சேன்.

யாரையாவதுன்னு… நாந்தாம்மா சொன்னேன்.

நின்னாரு. திரும்புனாரு. மூடி இல்லாத கெட்டிலேன்னு ஆரம்பிச்சாரு பாரு! நான் வெக்கிற மிசோ சூப்பு சாக்கடையாம். என் கொறட்டைக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொல்லுதாம். அவரு ஆசையா வாங்குன தொப்பிய நான் பழைய துணியோட சேத்துப் போட்டுட்டேனாம். தொப்பி! எங்க பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்து சமாச்சாரம்மா அது! பூதங்க இறங்கி வந்து நிக்குதுங்க. பூசாரி கைல இருந்த விசிறிய மடக்கிட்டாரு. இவரு கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சிக்கிட்டு… அப்பறம் சொன்னாரு,

"ஹிமேஜிக்குப் போறியா? குளியலறைக் கதவ சாத்திக்கிட்டு அக்கா கிட்ட குசுகுசுன்னு பேசுனா எனக்குக் கேக்காதா, கூறு கெட்டவளே! போ! போயிரு! நீ போயிட்டா அந்த வீட்டுல நான் யாரு பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்கறது? சொல்லிட்டுப் போடி!"

…

ஒரு பூதம் முகமூடியக் கழட்டி மூக்கச் சிந்துச்சும்மா. அந்த மூக்கில்ல, சொந்த மூக்கு.

அவருக்குத்தான் பரிசு. செக்கச்செவேல்னு இவ்வளவு பெரிய கடல்மீனு. ராத்திரி சாப்பாட்டுக்கு சுடச் சொல்லி அடுப்படில குடுத்திருக்காரு. கீழ எறங்கி வர்ற வழி பூரா எனக்கு ஒரு வார்த்த வரல. எனக்கும்மா! எனக்கு! வாயத் தொறக்கிறேன், காத்துதான் வருது. அவரும் கூடவே வராரு, ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, தப்புப் பண்ண நாய் மாதிரி. அதான் நேரா இங்க வந்து எறங்கிட்டேன். நீ மாட்டிக்கிட்ட. திட்டுனதுக்குக் கூட பதில் வெச்சிருக்கேன், எதிர்வீட்டு நாய் பதில் சொல்றது என் கொறட்டைக்கில்ல, அவரோட கொறட்டைக்கு! ஆனா அந்தக் கடைசிக் கேள்விக்கு… என்னன்னும்மா சொல்றது?

இரு. யாரது பாடுறது? மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், ஆம்பளைங்க குளத்துல. ஏதோ பழைய துறைமுகப் பாட்டு. பூனை வால மிதிச்ச மாதிரி… இரு, இரு. அந்த இருமல்… அட, எங்க வீட்டுக்காரரும்மா! பாடுவாரா இவரு? இத்தன வருஷம் குடித்தனம் பண்ணி, எனக்கே தெரியலயே!

யோவ் மிட்சுஹாரு! சுருதி எங்கய்யா போச்சு?

…பாரு, நிறுத்தல! "பிடிக்கலன்னா காதப் பொத்திக்கோ"ங்கறாரு! கேட்டியாம்மா, எப்பிடித் துளிர் விட்டுப் போச்சுன்னு… ம்மா? அட, எங்க போயிட்டா? உக்காந்த எடத்துல தண்ணிதான் ஆடுது. போகட்டும், டோக்கியோக்காரிங்களுக்குச் சூடு தாங்காது.

யோவ்! அந்த அடி அப்பிடி இல்ல! மொதல்லருந்து ஆரம்பிங்க. மெதுவாவே பாடுங்க… நான் எங்கயும் போகல.