இருபது சதவீதம் தள்ளுபடி

பெட்ரோல் போட மட்டும்தான் நான் கிரெடிட் கார்டைத் தேய்ப்பேன். மாதம் ஒரு முறை டாங்கை நிரப்புவேன், கெடுத் தேதிக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டிவிடுவேன். கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பவள் என்ற பேர் அப்படித்தான் வரும். கடனே வாங்காதவளை இந்த நாட்டில் எவனும் நம்புவதில்லை, டிடெக்டிவ் பெக்கர். இது உங்களுக்கும் தெரியும்.

ஃப்ரீசரைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

என் கணவன் வெண்டல் கெட்டவன் என்று ஃபோர்ட் வேய்ன் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பாரில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பான். கல்யாணமான புதிதில் அவனுடைய கார் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். அவன் தவணை கட்டவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் பேரோடு சேர்ந்து என் பேரும் சாக்கடையில் விழுந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் என் கடன் நாணயத்துக்கு மார்க் போடும் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீட்டில் போய் ஒண்டினோம். சனிக்கிழமைதோறும் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சில்லறை போட்டால் ஓடும் பொது மெஷின்களின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவன் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பேரை மீட்டேன். முதலில் நம் பணத்தையே வங்கியில் கட்டி வைக்க வேண்டும். அதையே நமக்குக் கடனாகத் தருவார்கள். அந்த அவமானத்தையும் பட்டேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்த கையோடு சாயங்காலம் இன்னொரு இடத்தில் பாத்திரம் கழுவினேன். வெண்டலிடம் மிஞ்சியிருந்த ஒரே கிரெடிட் கார்டைத் தயிர் டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்தேன்.

"ஐஸ் உருகின பிறகும் வேணும்னு தோணிச்சுன்னா வாங்கிக்கோ" என்றேன்.

"நீ என்ன பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

போன மாதம் என் பேரில் வீட்டுக் கடன் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு மேப்பிள் மரம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. கடன் அதிகாரி புரூவிட் படித்துப் படித்துச் சொன்னார்: "கையெழுத்துப் போடுற வரைக்கும் தும்மக்கூட தும்மாதீங்க, நடீன். ஒரு சோபா கூட தவணையில வாங்கிடாதீங்க. கடைசி நேரத்துல இன்னொரு தடவ ஸ்கோரைப் பாப்பாங்க. நீங்க நூல் மேல நிக்கிறீங்க." நான் அதை வெண்டலிடம் தினமும் காலையில் காபியோடு சேர்த்துச் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாக்கரோனி செய்திருந்தேன். பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டு இடது கையைப் பிடித்துக்கொண்டான். நெற்றி முழுக்க வியர்வை.

"நடீன், நெஞ்சு அடைக்குது. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

"வாயுவா இருக்கும். பேசாம உக்காரு."

ஆம்புலன்ஸ் வந்தால் இந்த ஊரில் எத்தனை ஆயிரம் டாலர் பில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். கையெழுத்துக்கு இரண்டே நாள். அந்த நேரத்தில் புதுக் கடன் ஒன்று வந்து விழுந்தால் ஏழு வருஷமும் போச்சு. அதனால் அவன் போனை எடுத்து இன்னொரு தயிர் டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்தேன். கார் சாவி என் ஏப்ரன் பையில் இருந்தது. அவன் கதவுப் பக்கம் போகப் பார்த்தான். குளிர்பெட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டான். நான் தட்டுகளைக் கழுவினேன். மிச்சமிருந்த மாக்கரோனியை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் உங்கள் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வீட்டைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன்.

இப்போது நீங்கள் மெதுவாக ஒன்று கேட்டீர்கள்.

"புரூவிட்கிட்ட பேசினோம் மேடம். புதன்கிழமை மூணு மணிக்கே உங்களுக்குப் போன் பண்ணி, லோன் கிடைக்காதுன்னு சொல்லிட்டாராமே?"

சொன்னார். என் பேரில் புதிதாக ஒரு கடைக் கார்டு, கடையே கொடுக்கும் கிரெடிட் கார்டு, வந்திருக்கிறது, ஸ்கோர் கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்றார். பள்ளிக்கூடக் கேன்டீனில் நின்றபடி கேட்டேன். நன்றி சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் வெண்டல் தானாகவே சொன்னான். முகமெல்லாம் பல்.

"புது வீட்டுக்கு உனக்கு வாஷிங் மெஷின் வாங்கிட்டேன்டி. இனிமே மூட்டை தூக்க வேணாம். கல்லாவுல இருந்த பொண்ணு, கடைக் கார்டு போட்டா இருபது சதவீதம் தள்ளுபடின்னா. என் பேருக்கு எவன் குடுப்பான்? உன் நம்பர், பிறந்த தேதியெல்லாம் குடுத்து உன் பேர்ல போட்டுட்டேன். தள்ளுபடியா வந்ததே எவ்ளோ தெரியுமா?"

ஏழு வருஷம் நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பேரை, யாரோ ஒரு கல்லாக்காரி சிரித்தாள் என்று இருபது சதவீதத்துக்கு விற்றுவிட்டு வந்து, என்னிடமே பாராட்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு நெஞ்சு அடைத்தது.

ஆகவே போனைத் தண்ணீரில் போட்டபோது காப்பாற்ற வீடு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். வாயு இல்லை என்பதும் தெரியும். தரையில் கிடந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "போனைக் குடு நடீன், ப்ளீஸ்" என்றான். குனிந்து, அவனுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

"ஐஸ் உருகின பிறகும் வேணும்னு தோணிச்சுன்னா கூப்பிடலாம்."

எழுதிக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

வியாழக்கிழமை மதியம், அவனை எடுத்துப் போன பிறகு, கடை வண்டி மெஷினோடு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். கார்டையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் ஸ்கோர் பழைய இடத்துக்கு வந்துவிடும், அதற்கு வேண்டியது பொறுமைதான். இந்த முறை என் பேரைக் கெடுக்க வீட்டில் யாரும் இல்லை.