எஸ்தருக்காகச் சொன்ன ஜெபம்

ஓடுகிறோம். வைகைப் பாலம் இறங்கியாயிற்று. கோரிப்பாளையம் பக்கம் ஓடுகிறோம். டப். டப். பின்னால் துப்பாக்கி. தங்கை எஸ்தரின் கை என் கையில். "படுங்க! எல்லாரும் படுங்க!" யாரோ கத்துகிறார்கள். யாரும் படுக்கவில்லை. நானும் படுக்கவில்லை.

1942. ஆகஸ்ட். தலைவர்களைப் பிடித்துப் போட்ட வாரம். போலீஸ் சுட்ட ஊர்வலத்தில் நாங்கள் இல்லை. இருவரும் மிஷன் பள்ளி டீச்சர்கள். பாடம் முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். குண்டுக்கு அதெல்லாம் தெரியுமா.

மூன்றாவது சத்தத்தில் அவள் கை கனத்தது.

ஒரு கதவு திறந்தது. முக்காடு போட்ட ஓர் அம்மா எங்களை உள்ளே இழுத்துத் தாழ் போட்டார். எஸ்தரைப் பாயில் கிடத்தினோம். வயிற்றில் பட்டிருந்தது. அந்த அம்மா துணியை மடித்து அழுத்தினார். நனைந்தது. வேறு துணி. அதுவும் நனைந்தது. தெருவில் பூட்ஸ் சத்தம். கதவருகே நிற்கிறது. போகிறது. மறுபடி வருகிறது.

"ஜெபம் பண்ணுக்கா," என்றாள் எஸ்தர்.

என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். என் கணவர் ரங்கூனில் குமாஸ்தா. அங்கே குண்டு விழுந்ததும் நடந்தே ஊருக்குப் புறப்பட்டார். வழியில் காலரா. கூட நடந்தவர் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்து சொன்னார். அதுவரை இரவும் பகலும் முழங்காலில் நின்றவள் நான். அன்றோடு விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி என்று சொல்லிச் சொல்லியே பெரிய தலைவலிக்காரி ஆனேன். சபையார் எனக்குக் கடவுள்மேல் கோபம் என்று நினைத்தார்கள். கோபித்துக்கொள்ளக்கூட மேலே எனக்கு யாரும் இல்லை. பயம் வந்தால் போய்ச் சொல்ல இடமில்லை. விசுவாசத்தை விடுவது என்றால் அவ்வளவுதான்.

"நீ நம்ப வேணாம்க்கா. எனக்காகச் சொல்லு. பயமா இருக்கு."

கர்த்தாவே என்று தொடங்கினேன். சொற்கள் தடங்கலில்லாமல் வந்தன. சின்ன வயதிலிருந்து தினம் சாயங்காலம் பழகிய நாக்கு. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. காலி வீட்டில் நின்று பேசுவது போல இருந்தது. ஆனால் எஸ்தரின் நடுக்கம் குறைந்தது. என் விரலை இறுக்கியிருந்த பிடி தளர்ந்தது. பயம் போய்விட்டது என்று நினைத்தேன். முடித்தேன். எங்கள் வீட்டு வழக்கம், ஜெபிப்பவர் நிறுத்தினால் கேட்பவர்தான் ஆமென் சொல்ல வேண்டும். காத்திருந்தேன். பூட்ஸ் சத்தம் நின்றிருந்தது. வேறு சத்தமும் இல்லை.

"ஆமீன்," என்றார் அந்த அம்மா. எஸ்தரின் கண்களை மூடியதும் அவர்தான்.

அன்று போனவை. எஸ்தர், வயது இருபத்திரண்டு. அவளுடைய பை. என் செருப்பில் ஒன்று. அதே தெருவில் விழுந்த இரண்டு பேர், பெயர் தெரியாது. விசுவாசத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஈஸ்டருக்கு முன்பே போயிற்று. அது போன பிறகும் என்னை ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்க ஒருத்தி இருந்தாள். அவளும் போனாள்.