ரெனேன்னா என்ன அர்த்தம்?

— வேணாம் சிஸ்டர். அந்தப் பேரு மட்டும் வேணாம். வேற எதை வேணா எழுதுங்க.

— ஏண்ணே? ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறப்பகூட உங்க வீட்டுக்காரம்மா என் கையப் பிடிச்சுச் சொன்னாங்களே, பொண்ணா இருந்தா ரெனேன்னு.

— அவ சொல்லுவா. அவ துணி தேய்ச்சுக் குடுக்கற வீட்டுல இருக்காங்களே பிரெஞ்சுக்கார அம்மா, அவங்க பேரு அது. அர்த்தம் என்னன்னு அவங்ககிட்டயே கேட்டேன். மறுபடி பிறந்தவளாம். எனக்குக் குலை நடுங்கிருச்சு.

— நல்ல அர்த்தந்தானே?

— உங்களுக்கு நல்லாருக்கும். எங்க மூத்தது ஒரு தடவை கண்ணத் திறந்து என்னைப் பார்த்துச்சு, அவ்வளவுதான், போயிருச்சு. மறுபடி பிறக்கணும்னா முதல்ல சாகணுமில்ல? அது போன வழியை இதுக்கும் காட்டிவிடச் சொல்றீங்களா? நான் லாரி ஓட்டறவன் சிஸ்டர். ஆள் செத்த வளைவுல ஹாரன் அடிக்காமத் தாண்ட மாட்டேன்.

— கொஞ்சம் பொறுங்க. நான் படிச்சது கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல. ஆதியில அது லத்தீன் பேருண்ணே, ரெனாட்டா. பிரெஞ்சுக்காரங்க வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு ரெனேன்னு ஆச்சு. ஞானஸ்நானம் வாங்கினா புது உயிர்னு சொல்வாங்கல்ல, அதுக்கு வெச்ச பேரு. செத்தவங்க திரும்பி வர்றதுக்கு இல்ல. பழசு தீர்ந்துச்சு, இனிமே புதுசுன்னு அர்த்தம்.

— தீர்ந்துச்சுங்கற வார்த்தையைச் சொல்லாதீங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— பிள்ளை நல்லாருக்குண்ணே. அது போட்ட சத்தத்துல பக்கத்து வார்டே எந்திரிச்சு உக்காந்திருச்சு.

— கண்ணாடி வழியாப் பார்த்தேன். அவ எப்படி இருக்கா? ரத்தம் நின்னுச்சா? கேட்கக் கேட்கப் பேச்சை மாத்தறீங்க.

— டாக்டரம்மா வந்துட்டே இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க. அர்த்தம் தெரிஞ்சுதான் வைக்கறீங்களான்னு உள்ள போறப்பவே உங்க வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டேண்ணே. "தெரியும் சிஸ்டர். அவருதான் பயப்படுவாரு, நீங்க எடுத்துச் சொல்லுங்க"ன்னாங்க.

— பயந்தான். மறைக்க என்ன இருக்கு? அவ கண்ணு முழிக்கட்டும். என் முகத்தைப் பார்த்து அவளே சொல்லட்டும், வெச்சுத் தொலைக்கறேன். எங்க சண்டையில எப்பவும் அவதானே ஜெயிக்கறா.

— இப்பவே வேணும்ணே. பிள்ளை கையில கட்டற பட்டையில எழுதணும்.

— அதுல அவ பேரை எழுத வேண்டியதுதானே? அங்க எல்லாப் பிள்ளைக்கும் அம்மா பேருதானே போட்டிருக்கு, இன்னார் குழந்தைன்னு? எங்களுக்கு மட்டும் என்ன புது வழக்கம்? சிஸ்டர்? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க?

— அம்மா இருக்கற பிள்ளைக்குத்தாண்ணே அப்படி எழுதுவோம்.